முத்திரை இல்லாத பயணத்தை எழுதவேண்டுமா?

கேள்வி: தேவகோட்டை வாசகர், 2024 பிப்ரவரி 18

கனடா பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பம் போடப்போகிறேன். பத்து வருடத்தில் போன நாடு, இருந்த வீடு, பார்த்த வேலை எல்லாவற்றையும் மாதம் விடாமல் கேட்கிறார்கள். பழைய பாஸ்போர்ட் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. மலேசியாவில் இரண்டு வருடம் இருந்தேன். நடுவில் நாலைந்து தடவை ஊருக்கு வந்து போனேன், தேதி ஒன்றும் நினைவில்லை. "முத்திரை இருக்கிறதை மட்டும் எழுது, இல்லாததை எவன் கண்டான்" என்கிறார் என் மச்சான். சரிதானே?

பிப்ரவரி 18, இரவு

சரியில்லை. மச்சானைக் கேட்டு எழுதினால், நாளைக்கு அதிகாரி கேட்கும் கேள்விக்கும் மச்சானைத்தான் அனுப்பவேண்டி வரும்.

நானும் இப்போது அதே குழியில்தான் கிடக்கிறேன். மனைவி நர்ஸ். இந்த 14ஆம் தேதி மருத்துவத் துறைக்கு நடந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி (மதிப்பெண் போட்டு ஆளை அழைக்கும் கனடா முறை) சுற்றில் 422 மதிப்பெண் வரை அழைத்தார்கள், அதில் அவளுக்கு வந்துவிட்டது. அழைப்பு வந்து 60 நாளுக்குள் எல்லாத் தாளையும் ஏற்றியாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன்: ஏப்ரல் 14, சித்திரை 1. காதலர் தினத்தில் ஆரம்பித்து வருஷப் பிறப்பில் முடிகிறது. நான் கூடப் போகிற ஆள்தான். ஆனால் கூடப் போகிற ஆளுக்கும் அதே பத்து வருடக் கதை, அதே போலீஸ் சான்று. அவளுக்கு திருச்சி, காரைக்குடி என்று நான்கு வரியில் முடிந்துவிட்டது. எனக்கு சிங்கப்பூர், துபாய், நடுவில் சும்மா இருந்தது என்று இழுக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அது கடந்த பத்து வருடத்துக்குள்ளும் 18 வயதுக்குப் பிறகும் இருந்தால், அந்த நாட்டுப் போலீஸ் சான்று கொடுத்தாக வேண்டும். இரண்டு வருடம் மலேசியாவில் இருந்ததை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தவறான தகவல் கொடுத்தால் ஐந்து வருடத் தடை என்கிறது. 2014 நவம்பருக்கு முன் அது இரண்டு வருடமாக இருந்தது. சொல்லாமல் விட்டதும் அந்தக் கணக்கில் சேரும்.

பாஸ்போர்ட் தொலைந்ததைத் தொலைந்தது என்றே எழுதுங்கள். இப்போதைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பழைய எண், கொடுத்த தேதி, இடம் மூன்றும் இருக்கும். ஆரம்பிக்க அது போதும்.

பிப்ரவரி 19

முகவரிப் பகுதியைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருடமாக இருந்த விலாசங்களை வரிசையாகக் கேட்கிறான். நம் பக்கத்தில் விலாசம் என்றால் செட்டியார் வீட்டு இனிஷியல் அல்லவா? வீட்டு எண் எவனுக்குத் தெரியும்? எங்கள் வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. கரண்ட் கார்டு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அவர் போய் இருபது வருடம் ஆகிறது. நல்லவேளை, முகவரிக்கு ஆதாரம் கேட்கவில்லை, பட்டியல்தான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டேன். தபால் பெட்டி எண்ணை மட்டும் ஏற்கமாட்டார்கள். துபாயில் எல்லாமே தபால் பெட்டிதான் என்பதால் அங்கே கட்டடப் பெயரைத் தேடவேண்டி வந்தது.

பிப்ரவரி 24

இன்று முழுக்க முத்திரை.

ட்யூப்லைட்டுக்குக் கீழே பாஸ்போர்ட்டைச் சாய்த்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கி, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். எந்த அதிகாரியும் பக்க வரிசையில் குத்துவதில்லை. எது திறந்ததோ அதில் ஒரு குத்து. 2013 வருகைக்கு மேலேயே 2016 புறப்பாடு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூர் முத்திரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருந்தேன், தானியங்கிக் கதவில் கட்டைவிரலை வைத்துப் போய் வந்தேன், அதில் முத்திரை ஏது? பார்வையாளர்களுக்கும் இப்போது கிடையாது: 2019 ஏப்ரல் 22 முதல் வெளியே போகும்போது குத்துவதில்லை, 2022 ஏப்ரல் 22 முதல் உள்ளே வரும்போதும் இல்லை. ஆக மச்சான் சொன்னபடி நடந்தால் சிங்கப்பூருக்கு யாருமே போகவில்லை என்றாகிவிடும். எனக்குக் கைகொடுத்தது நம் திருச்சி ஏர்போர்ட் முத்திரைதான். போனதும் வந்ததும் அதில் இருக்கிறது, நடுவில் இருந்தது சிங்கப்பூர்.

ராத்திரி பிளைட்டில் ஒரு வம்பு உண்டு. சிங்கப்பூரில் இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் திருச்சியில் நள்ளிரவு தாண்டி இறங்குவோம். கிளம்பிய தேதி ஒன்று, இறங்கிய தேதி ஒன்று. "12ஆம் தேதி ராத்திரி வந்தேன்" என்று வீட்டில் சொல்வதெல்லாம் முத்திரையில் 13 ஆக இருக்கும். முத்திரையை எழுதுங்கள், வீட்டுப் பேச்சை விடுங்கள்.

மறந்தே போன பயணம் ஒன்று கிடைத்தது. 2014 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூமில் இருந்த நாலு பேர் படகில் பாத்தாம் தீவுக்குப் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பினோம். இந்தோனேசியா விசா ஸ்டிக்கர் முழுப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் என்றாலும் பயணம் பயணம்தான். எழுதிவிட்டேன். அங்கே என்ன பார்த்தோம் என்று கேட்டால் பதில் இல்லை. மழை பெய்தது, மீன் சாப்பிட்டோம்.

கடைசியாக, 14ஆம் பக்கம். திருச்சி வருகை, 12, 2015. நடுவில் மாதம். ஆங்கில மூன்றெழுத்தில் முதலும் கடைசியும் பளிச்சென்று இருக்கின்றன, நடு எழுத்து மட்டும் மை அப்பிப் போயிருக்கிறது. ஜனவரியா, ஜூனா? திரும்பிப் போன முத்திரை அடுத்தடுத்து விழுந்த மூன்று குத்துக்கு அடியில். அரை மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

பிப்ரவரி 25

திருத்தம். தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலில் நின்றதை வைத்து 2014 ஜனவரியை நேற்று பாதி ராத்திரி வரை ஆராய்ந்துகொண்டிருந்தேன். காலையில்தான் உறைத்தது. ஏப்ரலில் போடும் விண்ணப்பத்துக்குப் பத்து வருடம் என்றால் 2014 ஏப்ரல். அந்தத் தைப்பூசம் ஜனவரி 17, கணக்கிலேயே வராது. முதலில் எந்தத் தேதியிலிருந்து என்று கோடு போட்டுவிட்டு அப்புறம் தோண்டுங்கள்.

மார்ச் 3

"வேலை இல்லாத காலத்தை என்ன எழுதுவது, அசிங்கமாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேலை இல்லை என்றுதான். 2016 செப்டம்பரில் சிங்கப்பூர் கம்பெனி ஆளைக் குறைத்தது. 2017 மே மாதம் துபாய். நடுவில் எட்டு மாதம் காரைக்குடியில் சும்மா இருந்தேன். படிவத்துக்கு இடைவெளிதான் ஆகாது. சும்மா இருந்ததில் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. அம்மாவுக்குத்தான் இருந்தது.

அந்த எட்டு மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது, ஆனால் எனக்கு மிக நன்றாக நினைவிருப்பது அதுதான். நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். என் பெட்டியில் இருந்தது சிங்கப்பூர் வெள்ளி, வீட்டிலேயே செல்லும் பணம் வைத்திருந்த ஒரே ஆள் நான், அதை மாற்றத்தான் வழியில்லை. டிசம்பர் 5 ஜெயலலிதா இறந்த இரவு கடையெல்லாம் அடைத்தார்கள். ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். பிப்ரவரி 9 தைப்பூசம், அந்த வருடம்தான் குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடிக்குப் பின்னாலேயே பழனிக்கு நடந்தேன், கால் கொப்புளம் ஆற பத்து நாள். இதில் எதையும் கனடாவுக்கு எழுதவில்லை. நான் ஊரில்தான் இருந்தேன் என்று எனக்கே உறுதி செய்துகொள்ள இது போதுமாக இருந்தது.

கம்பெனி மூடிவிட்டால் வேலைச் சான்றுக்கு என்ன செய்வது என்பவருக்கு: எனக்கும் மூடிவிட்டது. ஆண்டுதோறும் கொடுத்த ஐ.ஆர்.8ஏ வருமானச் சீட்டு, வேலை அனுமதிக் கடிதம், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு மூன்றையும் வைத்து, ஏன் சான்று இல்லை என்று ஒரு பக்க விளக்கக் கடிதம் வைத்தேன்.

மார்ச் 9

14ஆம் பக்கம் தீர்ந்தது!

சித்தப்பா மகள் கல்யாணம் 2015இல்தான் என்று நினைவு. இன்று பள்ளத்தூர் போய் சித்தப்பா வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. 2015 ஜூன் 14, ஞாயிறு, வைகாசி 31. மூன்றாம் பக்கத்தில் ஊர், அப்பா பெயர், என் பெயர், 1001. பெயருக்குப் பக்கத்தில் "சிங்கப்பூர்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள், கௌரவம்!

12ஆம் தேதி வந்து 14ஆம் தேதி கல்யாணத்தில் மொய் எழுதியிருக்கிறேன். அதோடு ஜனவரி 12 என்றால் மார்கழி 28. மார்கழியில் எவன் கல்யாணம் வைப்பான்? ஆக ஜூன். கனடாக்காரனுக்கு இந்தத் தர்க்கம் புரியாது, நமக்குப் புரிகிறது.

மொய் நோட்டை ஆதாரமாக வைக்கலாமா என்று கேட்காதீர்கள். தமிழில் இருப்பதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்துத் தரவேண்டும், குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. வெளியாள் ஒருவரை உட்கார வைத்து "மொய்" என்றால் என்ன, 1000த்தோடு அந்த ஒரு ரூபாய் எதற்கு என்று விளக்குவதற்குள் சித்திரை பிறந்துவிடும். நோட்டு நமக்குத் தேதி சொன்னால் போதும்.

மார்ச் 16

போலீஸ் சான்று பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பதால்.

இந்தியச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவையில் பதிந்து மதுரை போய் வந்தேன். இப்போது வசிக்கும் நாட்டுச் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். முன்பு வசித்த நாடு என்றால் அங்கிருந்து கிளம்பிய பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். எனவே சிங்கப்பூர், துபாயை முதலில் முடியுங்கள், மதுரையைக் கடைசியில் வையுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், தப்பித்தேன்.

சிங்கப்பூருக்கு வெளியே இருந்து கேட்டால் பத்து விரல் ரேகை வேண்டும். ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்குப் போனேன். எழுத்தர் தலையைத் தூக்காமல், "என்ன கேஸ்?" என்றார்.

"கேஸ் எதுவும் இல்லைன்னு காட்டத்தான் சார்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டாம்பு பேடு காய்ந்து கிடந்தது. எதிர்க்கடையில் புதுப் பேடு வாங்கிக் கொடுத்தேன். புது மை என்பதால் முதல் தாளில் கட்டைவிரல் மொத்தமாக அப்பிவிட்டது, ரேகைக்குப் பதில் கத்தரிக்காய் விழுந்தது. இரண்டாவது தாளில் அவரே என் விரலைப் பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாக உருட்டினார். அழகாக வந்தது. படிவத்தை ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், பேடும் கொண்டுபோங்கள்.

மார்ச் 17

ரேகை மையைப் பற்றி எழுதியதும் தாத்தா வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது. விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. அவருடைய அண்ணன் அதே வீட்டின் ரங்கூன் கடையில் இருந்தவர். இரண்டாங்கட்டில் டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கிறது, அதில் தாத்தா கையெழுத்தில் ஒரு சிட்டை. "விஷு வருஷம் மாசி மாதம் அண்ணன் ரங்கூன் விட்டது" என்று ஒரு வரி. அடுத்த வரி புளி வாங்கிய கணக்கு. விஷு மாசி என்றால் 1942 பிப்ரவரி, மார்ச். ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது மார்ச் 8. அதற்கு முன்னாலோ பின்னாலோ கிளம்பி, காடு மலையெல்லாம் நடந்து வந்தவர். பாஸ்போர்ட் இல்லை, முத்திரை இல்லை. எப்போது வந்து சேர்ந்தார் என்று சிட்டையில் தேடினேன். ஆடி மாதக் கணக்கில் "அண்ணனுக்கு வேஷ்டி" என்று இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய பயண வரலாறு.

ஏப்ரல் 2

துபாய்ப் பயணங்களுக்கு ஜிமெயிலில் டிக்கெட்டைத் தேடினேன், நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் பதிந்த டிக்கெட் எல்லாம் பறந்த டிக்கெட் ஆகாது. 2018 தீபாவளிக்குப் போட்ட டிக்கெட் பளபளவென்று இருக்கிறது, லீவு கிடைக்காமல் அதை ரத்து செய்தது வேறொரு மெயிலில் இருக்கிறது. முதல் மெயிலை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் போகாத பயணம் ஒன்று உருவாகியிருக்கும். போனதை மறைப்பது தப்பு என்றால் போகாததை எழுதுவதும் தப்புதான்.

ஊருக்கு லீவில் வந்ததையும் பயணமாக எழுதவேண்டுமா என்று இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். நான் எழுதிவிட்டேன். கூடுதலாக எழுதியதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்படவில்லை.

ஏப்ரல் 12

ஏற்றியாயிற்று. இரண்டு நாள் மிச்சம். தேதி துல்லியமாகத் தெரியாத மூன்று இடத்தை விளக்கக் கடிதத்தில் தோராயம் என்று சொல்லிவிட்டேன்.

மே 26

தலையில் அடித்துக்கொள்ளும் பதிவு இது. மார்ச் 9இல் எழுதியதை அடித்துவிடுங்கள்.

நேற்று பள்ளத்தூரில் சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாட்டுக்குப் பிறகு கல்யாண ஆல்பத்தை எடுத்தார்கள். புரட்டப் புரட்ட எல்லாரும் இருக்கிறார்கள். என்னைக் காணோம். பந்தியில் இல்லை, மேடையில் இல்லை, பின்னால் நிற்கும் கூட்டத்திலும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"நீ எங்கடா வந்த? சிங்கப்பூர்ல இருந்த. உன் பேர்ல நான்தான் எழுதிவிட்டேன்."

அந்த "சிங்கப்பூர்" கௌரவத்துக்கு எழுதியது இல்லை. ஆள் வரவில்லை, இருக்குமிடம் சிங்கப்பூர் என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்தது, என் கண்தான் வேறு எதையோ படித்தது. மொய் நோட்டு யார் செய்தார்கள் என்றுதான் சொல்லும், யார் வந்தார்கள் என்று சொல்லாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா?

ராத்திரியே பழைய வங்கிக் கணக்கைத் தோண்டினேன். 2015 ஜூன் 14 அன்று சிங்கப்பூர் முஸ்தபா கடையில் கார்டு தேய்த்திருக்கிறேன், முப்பத்திரண்டு வெள்ளி சொச்சம். தங்கச்சிக்குத் தாலி ஏறும் அன்று நான் சிராங்கூனில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியானால் 14ஆம் பக்கம் ஜனவரி. பொங்கலுக்கு வந்திருக்கிறேன். இப்போது யோசித்தால் தானாக வருகிறது: ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2014 மே 7, அதற்கு அடுத்து வந்த முதல் பொங்கல் அது. சிராவயல் மஞ்சுவிரட்டை நினைத்துச் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தேன். இந்த நினைவு பிப்ரவரியில் எங்கே போயிருந்தது?

40ஆம் பிரிவு என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். விடியும்வரை தூக்கம் இல்லை.

மே 28

இணையப் படிவம் வழியாகத் திருத்தம் அனுப்பிவிட்டேன். முத்திரையில் மாதம் அழிந்திருந்தது, ஜூன் என்று தவறாகப் படித்தேன், ஜனவரி என்பதற்கு வங்கிக் கணக்கு இணைப்பு, நான்கே வரி. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது நல்லது. மொய் பற்றி மூச்சு விடவில்லை.

மனைவி மட்டும், "என் விண்ணப்பத்தில் நீ ஒருத்தன்தான் பிரச்சினை" என்றாள். மறுக்கவில்லை.

ஜூலை 7

தேவகோட்டைக்காரர் தனியாக எழுதியிருந்தார். பழைய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டதாம், மச்சானின் கடைக் கல்லாப்பெட்டியில், ரப்பர் பேண்டு போட்டு. என்றைக்கோ கடனுக்கு ஈடாகக் கொடுத்ததை இரண்டு பேரும் மறந்திருக்கிறார்கள். முத்திரைகளை எண்ணியதில் ஊருக்கு வந்தது நாலைந்து தடவை இல்லையாம், ஏழு.

எங்களுக்கு இதுவரை பதில் இல்லை. சென்னை போய்க் கைரேகை, மருத்துவப் பரிசோதனை இரண்டும் முடிந்தன. இந்தத் தடவை கண்ணாடி மேல் விரலை வைத்தால் போதும், மை இல்லை.

ஆவணியில் அத்தை பேரனுக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது. அம்மா செய்முறை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து கேட்டார்: "இந்தத் தடவை நீ இருப்பியா, இல்ல நானே எழுதிவிடவா?"